பட்டாளத்துச் சிறுநீரும் பன்றி மூளையும்

போதையின் கதை – 17

வியட்நாமில் தவணை முடித்து ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய்க்கு 1971 ஜூன் மாதம் புதிதாக ஒரு சடங்கு வந்து சேர்ந்தது. விமானம் ஏறுவதற்கு முன் வரிசையில் நின்று, பக்கத்தில் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்க, குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதில் ஹெராயின் தடயம் இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். இருந்தால் விமானம் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். முகாமிலேயே கிடந்து, போதை முழுக்க இறங்கிய பிறகுதான் ஊர். 'ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ' என்று இதற்குப் பெயர். பொன்னொழுக்கு என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் ஏதோ தலபுராணத்து ஆறு மாதிரி இருக்கிறது.

இதற்கு ஒரு மாதம் முன்புதான் இரண்டு காங்கிரஸ் உறுப்பினர்கள், ராபர்ட் ஸ்டீலும் மார்கன் மர்ஃபியும், வியட்நாம் போய் வந்து ஒரு குண்டைப் போட்டிருந்தார்கள். அங்கே இருக்கும் நம் பிள்ளைகளில் நூற்றுக்கு 10 முதல் 15 பேர் ஹெராயினுக்கு அடிமை என்றார்கள். சைகோனில் கிடைத்த ஹெராயின் அமெரிக்கத் தெருவில் விற்ற கலப்படச் சரக்கு போன்றது அல்ல, அவ்வளவு சுத்தம். ஊசியே வேண்டாம். சிகரெட்டில் கொஞ்சம் புகையிலையை உதிர்த்துவிட்டு, அந்த இடத்தில் பொடியைத் திணித்து இழுத்தாலே போதும். விலையும் மலிவு.

வாஷிங்டன் பயந்துபோனது. ஒருமுறை ஹெராயினில் விழுந்தவன் எழுந்ததில்லை என்பதுதான் அன்றைக்கு டாக்டர் முதல் போலீஸ்காரர் வரை எல்லோரும் நம்பிய வேதவாக்கு. துப்பாக்கி பிடிக்கக் கற்ற ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அந்தப் பழக்கத்தோடு நியூயார்க்கிலும் சிகாகோவிலும் வந்து இறங்கினால் என்ன ஆகும்? ஜூன் 17 அன்று அதிபர் நிக்சன், போதைப் பழக்கமே நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரை அழைத்துத் தனி அலுவலகம் போட்டுக் கொடுத்தார். சிறுநீர் சோதனை அவர் யோசனைதான்.

போன வாரம் ஓல்ட்ஸும் மில்னரும் மான்ட்ரியாலில் எலியின் மூளைக்குள் குறி தவறிச் செருகிய கம்பியோடு நிறுத்தியிருந்தேன். இன்பத்துக்கென்று மூளையில் இடம் உண்டு என்பது 1954-இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அபின் மூளைக்குள் போய் எதைத் தொடுகிறது என்பது அதற்குப் பிறகும் பதினெட்டு வருஷம் இருட்டாகவே கிடந்தது. நிக்சனின் பயம்தான் அதற்குப் பணம் கொண்டுவந்தது. ஜாஃபியின் அலுவலகம் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்குப் போன நிதியில், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சாலமன் ஸ்னைடர் போதை ஆராய்ச்சியில் இறங்கினார். வேலையைக் கையில் எடுத்தவர் அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த காண்டஸ் பெர்ட். வயது 26.

பெர்ட்டுக்கு மார்ஃபின் புத்தகத்தில் படித்த சங்கதி மட்டுமல்ல. 1970-இல் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு நசுங்கிப் படுக்கையில் கிடந்தபோது மார்ஃபின் போட்டுத்தான் வலியைக் கடத்தியிருந்தார். அந்த மருந்து உடம்பில் எங்கே போய் உட்கார்ந்து இதைச் செய்கிறது என்ற கேள்வி அவருக்குப் படுக்கையிலேயே பிறந்த கேள்வி.

மார்ஃபினுக்கென்று மூளைச் செல்களின் மேல் ஓர் ஏற்பி இருக்க வேண்டும், ஒரு பூட்டு மாதிரி, என்று பலரும் ஊகித்திருந்தார்கள். ஊகிக்கக் காரணம் இருந்தது. மார்ஃபின் குடும்பத்துச் சில மூலக்கூறுகளை இரண்டு விதமாகச் செய்யலாம், ஒன்றுக்கு ஒன்று கண்ணாடிப் பிம்பமாக. லெவார்ஃபனால் வலியைக் கொல்லும். அதன் பிம்பமான டெக்ஸ்ட்ரார்ஃபனிடம் அந்த வேலை நடக்காது. அணுக்கள் அதே, எடை அதே, கைவாகு மட்டும் வேறு. இடது கால் ஷூ வலது காலில் ஏறாது என்றால், அங்கே ஒரு கால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

முதலில் கதிரியக்கம் ஏற்றிய மார்ஃபின் வகை ஒன்றை வைத்து முயன்றார்கள், தேறவில்லை. பிறகு பெர்ட் ஆளை மாற்றினார். நாலாக்சோன் என்று ஒரு மருந்து. ஹெராயின் அளவு மிஞ்சி மூச்சு நின்றுகொண்டிருப்பவனுக்கு ஊசியில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதே பூட்டில் போய் உட்காரும், ஆனால் திறக்காது. மற்றவரையும் நுழைய விடாது. இப்படி அடைத்துக்கொண்டு உட்காரும் ஆசாமிதான் ஒட்டிக்கொள்வதில் கெட்டி என்பது கணக்கு. எலி மூளையை மாவாக அரைத்து, கதிரியக்க நாலாக்சோனைக் கலந்து, மெல்லிய வடிதாளில் சட்டென்று வடித்து, குளிர்ந்த திரவத்தில் அலசினார். ஒட்டாதது அலசலில் போய்விடும். ஒட்டியது தாளில் நிற்கும். கருவியில் வைத்து எண்ணிப் பார்த்தால், நின்றிருந்தது! லெவார்ஃபனாலைச் சேர்த்தபோது அது நாலாக்சோனைத் தள்ளிவிட்டு இடம் பிடித்தது. டெக்ஸ்ட்ரார்ஃபனைச் சேர்த்தபோது நாலாக்சோன் அசையவில்லை.

1973 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. அதே வருஷம் நியூயார்க்கில் எரிக் சைமனும் ஸ்வீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரீனியஸும் தனித்தனியாக அதே பூட்டைக் கண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1978-இல், இந்தத் துறைக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தபோது பட்டியலில் ஸ்னைடர் பெயர் இருந்தது, பெர்ட் பெயர் இல்லை. அவர் சும்மா இருக்கவில்லை. பரிசை நிறுவிய மேரி லாஸ்கருக்கே எழுதித் தன் எதிர்ப்பைச் சொன்னார். ஆய்வகத் தலைவருக்குத்தான் மாலை என்பது அந்த உலகத்து வழக்கம் என்று அன்று பலர் சமாதானம் சொன்னார்கள். வழக்கம் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது என்பது என் கட்சி.

பூட்டு கிடைத்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது. ஸ்னைடர் குழு விலங்கு விலங்காகச் சோதித்துப் பார்த்தது. குரங்கு, எலி, தவளை, சுறா, தாடையே இல்லாத ஆதிகால மீனான ஹேக்மீன் வரைக்கும், முதுகெலும்புள்ள எல்லாவற்றிலும் அந்த ஏற்பி இருந்தது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலுக்காக, கடலடியில் கிடக்கும் ஹேக்மீனின் மூளையில் ஏன் ஒரு பூட்டு இருக்க வேண்டும்? அபினுக்காக அந்தப் பூட்டு செய்யப்படவில்லை. உடம்புக்குள்ளேயே அதற்கு ஒரு சாவி இருக்கிறது. அபின் கள்ளச்சாவி.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் அந்தச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் வந்ததும் 1934-இல் வெளியேறி, இன்சுலின் புகழ் மக்லாயிடின் தயவில் அபர்டீனில் ஒதுங்கியவர். 1973-இல் அவருக்கு 70 வயது, பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பியது. அவரோ அதே வருஷம் போதை மருந்து ஆராய்ச்சிக்கென்று புதுக் கடை திறந்தார். கூட வேலை பார்த்தவர் முப்பது வயதைத் தாண்டிய ஜான் ஹ்யூஸ்.

ஹ்யூஸின் காலைப் பொழுது சைக்கிளில் ஆரம்பித்தது. விடிவதற்குள் கசாப்புக் கூடத்துக்குப் போய்ப் பன்றித் தலைகளைப் பிளந்து மூளையை எடுத்துவர வேண்டும். கூடத்து ஆட்களைச் சரிக்கட்ட விஸ்கி பாட்டில் உதவியது என்று பிற்பாடு இந்தக் கதையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்து அல்லவா, நாணயம் மாற்ற வேண்டிய அவசியமில்லை. மூளையை அசிடோனில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தால் மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும். அதில் சாவி இருக்கிறதா என்று பார்க்க அவர்களிடம் இருந்த கருவி, பார்த்தால் சிரிப்பு வரும்: கினிப் பன்றியின் குடல் துண்டு.

அந்தத் துண்டை வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு, விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் வெட்டி இழுக்கும். நூல் கட்டிய முள் அந்த இழுப்பைக் காகிதத்தில் கோடு கோடாக வரைந்துகொண்டே போகும். நீரில் ஒரு துளி மார்ஃபின் விட்டால் கோடுகள் குட்டையாகிவிடும். அபின் பேதியை நிறுத்தும் என்று நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்திருந்தது இதைத்தான். குடலிலும் அதே பூட்டு. நாலாக்சோன் ஒரு துளி விட்டால் கோடுகள் மறுபடி நெட்டையாகும். பன்றி மூளைச் சாற்றை விட்டார்கள். கோடு குட்டையானது. நாலாக்சோன் விட்டார்கள். நெட்டையானது. சுண்டெலியின் விந்துக்குழாயில் வைத்துப் பார்த்தார்கள், அங்கும் அதே கதை. அபினை முகர்ந்தே பார்த்திராத பன்றியின் தலைக்குள் அபினின் வேலையைச் செய்யும் ஒன்று இருந்தது.

1975 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் அதன் முகவரி வெளியானது. ஐந்தே அமினோ அமிலம் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி. உண்மையில் இரண்டு சங்கிலிகள், கடைசி மணி மட்டும் வேறு. 'தலைக்குள் இருப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் சோ ஹாவோ லீ என்ற சீன அமெரிக்க விஞ்ஞானி, இராக்கிலிருந்து வரவழைத்த ஒட்டகப் பிட்யூட்டரிச் சுரப்பிகளில் 31 மணிகள் கொண்ட ஒரு துண்டைப் பார்த்து, உபயோகம் தெரியாமல் ஓரமாக வைத்திருந்தார். அதன் முதல் ஐந்து மணியும் என்கெஃபலினும் ஒன்று! எடுத்துச் சோதித்தால் அதுவும் மார்ஃபின் வேலையைச் செய்தது. பீட்டா எண்டார்ஃபின் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிற பொருள் அப்படி ஒட்டகத்தின் தலையிலிருந்து வந்தது.

அடிமையாக்காத வலிமருந்து இதோ கிடைத்துவிட்டது என்று மருந்துக் கம்பெனிகள் பரபரத்தன. உடம்பே செய்வது எப்படி உடம்பைக் கெடுக்கும் என்று கேட்டார்கள். 1898-இல் ஹெராயினை விற்கத் தொடங்கியபோது பேயர் கம்பெனிக்கும் இப்படி ஒரு நம்பிக்கை இருந்ததை ஆறாவது அத்தியாயத்தில் பார்த்தோம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எலிகளின் மூளைக்குள் அந்தப் பொருளைத் தொடர்ந்து சொட்டவிட்டு நிறுத்தியபோது, மார்ஃபினை நிறுத்தினால் படும் அவஸ்தையை எலிகள் அப்படியே பட்டன.

அந்த அவஸ்தை எதனால்? இதற்குப் பதில் அதே 1975-இல் வந்தது, அதுவும் விலங்கில்லாமல், கண்ணாடித் தட்டில். மரபுக் குறியீட்டை அவிழ்த்து நோபல் வாங்கிய மார்ஷல் நைரன்பர்க்கும், அவரோடு ஷர்மாவும் கிளீயும், வாஷிங்டன் அருகே பெதஸ்டாவில் வளர்த்த நரம்புச் செல்களுக்கு நாள் கணக்கில் மார்ஃபின் ஊட்டினார்கள். மார்ஃபின் வந்தவுடன் செல்லுக்குள் அடினைலேட் சைக்ளேஸ் என்ற நொதியின் வேலை மட்டுப்பட்டது. நாலைந்து நாள் போனதும் செல் அந்த நொதியின் திறனைக் கூட்டிக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிட்டது. இப்போது அதே அடக்குதலுக்கு அதிக மார்ஃபின் வேண்டும். மார்ஃபினை நீக்கியவுடன், கூட்டி வைத்த நொதியெல்லாம் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி பாய்ந்தது. வெளியே ஒருவன் கதவைத் தள்ளுகிறான், நீங்கள் உள்ளிருந்து முட்டுக்கொடுத்து எதிர்த்துத் தள்ளுகிறீர்கள், அவன் சட்டென்று விலகினால் நீங்கள்தான் வாசலில் விழுவீர்கள். மார்ஃபின் மலத்தைக் கட்டும், நிறுத்தினால் பேதி. கண்மணியைச் சுருக்கும், நிறுத்தினால் விரியும். உடம்பைச் சூடாக, சுகமாக வைக்கும், நிறுத்தினால் கோழித்தோல் போல மயிர்க்கூச்சம். எல்லாமே தலைகீழ்.

1975 முடியும்போது கணக்கு தீர்ந்தது போலத்தான் இருந்தது. பூட்டு, சாவி, கள்ளச்சாவி, நிறுத்தினால் வரும் நடுக்கம் வரை எல்லாம் தெரிந்தாயிற்று. ஆனால் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு அம்மாள் இந்தக் கணக்கை ஏற்கெனவே குழப்பிவிட்டிருந்தார்.

லீ ராபின்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மனநலத் துறையில் இருந்த சமூகவியலாளர். ஜாஃபியின் அலுவலகம் அவரிடம் ஒரு வேலை கொடுத்தது: திரும்பி வந்த சிப்பாய்கள் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடியுங்கள். 1971 செப்டம்பரில் மட்டும் வியட்நாமிலிருந்து வந்திறங்கிய ராணுவத்தினர் 13 ஆயிரத்துச் சொச்சம். அவர்களிலிருந்து ஒரு மாதிரியைப் பிரித்தெடுத்து, நாடு முழுக்கச் சிதறிப்போனவர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்து, ஏறத்தாழ 900 பேரிடம் நேரில் பேசினார்கள். பேசி முடித்ததும் மறுபடியும் குப்பி. பாவம், அந்தப் பையன்களை அது விடுவதாக இல்லை.

பேசியவர்கள் ஒளிக்கவில்லை. ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமையாகவே இருந்ததாகச் சொன்னார். நாடாளுமன்றத்தை நடுங்க வைத்த எண்ணைவிட இது அதிகம். ஆனால் ஊர் திரும்பிய பின்? அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோதும், இடையில் எப்போதாவது மறுபடி விழுந்தவர்கள் நூற்றுக்கு 12. ஊரில் சரக்கு கிடைக்கவில்லையா என்றால், அதுவுமில்லை. பாதிப் பேர் திரும்பி வந்த பின்பும் தொட்டிருக்கிறார்கள். தொட்டுவிட்டு விட்டிருக்கிறார்கள்.

யாரும் நம்பவில்லை. ராணுவத்தைக் காப்பாற்ற ஜோடித்த எண் என்றார்கள். ராபின்ஸ் அதற்குப் பிறகு வெகுகாலம் இதற்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டையும் சாவையும் விட்டு வந்தான், சிநேகிதர்கள் மாறினார்கள், அம்மா இருக்கிறாள், வேலை இருக்கிறது, அதனால் விட்டான் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்த 95 பேரைவிட மீதி 5 பேர் மேல்தான் கண். எல்லோர் மூளையிலும் அதே பூட்டு. எல்லோரும் இழுத்தது அதே சைகோன் பொடி. எல்லோரும் ஏறியது அதே விமானம். இந்த 5 பேர் யார்? ராபின்ஸின் ஏட்டில் குறிப்பு இருந்தது. பட்டாளத்தில் சேரும் முன்பே போதையைத் தொட்டவர்கள். பெற்றோரிடம் குடியோ, சிறை சென்ற சரித்திரமோ இருந்தவர்கள்.

பெற்றோர் என்றதும் அது வளர்ப்பா, ரத்தமா? இதைப் பிரித்துப் பார்க்க ராபின்ஸின் அதே துறையில் இருந்த டொனால்ட் குட்வின் டென்மார்க் போனார். அங்கே தத்துக் கொடுத்த குழந்தைகளின் பதிவேடு ஒழுங்காக இருந்தது. குடிகார அப்பனுக்கோ அம்மாளுக்கோ பிறந்து, பிறந்த ஆறு வாரத்துக்குள் வேறு வீட்டுக்குப் போய்விட்ட 55 ஆண்கள்; அதே போல் தத்துப் போன, ஆனால் பெற்றோர் குடிகாரர் இல்லாத 78 ஆண்கள். முதல் வகையில் 10 பேர் குடிநோயாளி, அதாவது நூற்றுக்கு 18. இரண்டாவதில் 4 பேர், நூற்றுக்கு 5. பெற்றவரின் முகத்தைக்கூட அறியாத பிள்ளைகள். இதுவும் 1973, பெர்ட்டின் கட்டுரை வந்த அதே வருஷம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 55 பேரில் 45 பேர் குடிநோயாளி ஆகவில்லை. "அவன் அப்பன் குடிகாரன், இவன் எப்படி இருப்பான்" என்று பெண் கொடுக்க மறுக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் இந்தப் பாதியை வசதியாக விட்டுவிடுவார்கள்.

பின்னாளில் வியட்நாம் காலத்துப் பட்டாளத்து இரட்டையர்களையே பதிவேடு போட்டு 3,000 ஜோடிக்கு மேல் விசாரித்தார்கள். ஒரே கருவில் பிளந்த இரட்டையரில் ஒருவன் விழுந்தால் மற்றவனும் விழும் வாய்ப்பு, இரு கருவில் உருவான சாதாரண இரட்டையரைவிட அதிகமாக இருந்தது. எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் பாதி மரபணுவின் கணக்கில் எழுதப்பட்டது. பாதி என்றால் 'உங்களுக்கு வர 50 சதவீத வாய்ப்பு' என்று அர்த்தமில்லை. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின.

இதற்குள் டோபமைன் என்ற மூளை ரசாயனம் மேடைக்கு வந்துவிட்டது. 1988-இல் சர்டினியாத் தீவின் காலியரியில் டி கியாராவும் இம்பெராடோவும் எலிமூளையில் மெல்லிய குழாய் விட்டு அளந்தார்கள். அபின் வகை, சாராயம், நிகோட்டின், கொகெய்ன், எதைக் கொடுத்தாலும் ஒரே இடத்தில் டோபமைன் ஏறியது. அப்படியானால் டோபமைனின் ஏற்பியைக் கட்டும் மரபணுவில்தான் கோளாறு இருக்கும் என்று தேடி, 1990 ஏப்ரலில் கென்னத் ப்ளூம், எர்னஸ்ட் நோபிள் குழுவினர் கைகாட்டினார்கள். இறந்துபோன 70 பேரின் மூளை, பாதி குடிநோயாளிகள். டி2 என்ற டோபமைன் ஏற்பி மரபணுவின் ஒரு வடிவம் குடித்தவர்களிடம் வெகுவாகக் கூடுதல். குடிகார மரபணு கிடைத்துவிட்டது என்று உலகமே தலைப்புப் போட்டது. அதே வருஷம் டிசம்பரில், அவர்கள் எழுதிய அதே மருத்துவ இதழில், வேறொரு குழு தேடிப் பார்த்து அப்படியொன்றும் இல்லை என்றது. இழுபறி பதினாலு வருஷம் நடந்தது. 2004-இல் பார்த்தால் அவர்கள் கைவைத்த அந்த இடம் டி2 மரபணுவுக்குள்ளேயே இல்லை, பக்கத்து வீட்டில் இருந்தது.

இத்தனைக்கும் ஒரே ஒரு மரபணு ஆளைக் குடியிலிருந்து காப்பாற்றுவது உண்மையிலேயே உண்டு. அது அகப்பட்ட விதம் வேறு. 1940-களின் பிற்பகுதியில் கோபன்ஹேகனில் ஹால்ட், யாகொப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வயிற்றுப் புழுவுக்காக ஒரு மாத்திரையைப் பரிசோதித்தார்கள். முதலில் தாங்களே விழுங்கிப் பார்ப்பது அவர்கள் பழக்கம். விழுங்கிவிட்டு, வழக்கம்போல் கொஞ்சம் மது அருந்தினார்கள். முகம் செக்கச் சிவந்தது, நெஞ்சு படபடத்தது, குமட்டிக்கொண்டு வந்தது. ஜப்பானிலும் சீனாவிலும் கோடிக்கணக்கானவர்களுக்கு எந்த மாத்திரையும் போடாமலே, முதல் கோப்பையில் இதே நிலைதான்.

(தொடரும்)